விலைபோன ஆட்டம்



பேராக் மாநிலத்தின் அரச நகரமான கோலகங்சாருக்குப் போனவர்கள், அங்கே வேலி கட்டிப் பாதுகாத்து வரும் ஒரு பழைய ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் கன்றுகளை நட்ட கைகளுக்கு, இவற்றின் பின்னே ஒரு காடே எழும் என்றோ, அந்தக் காட்டில் பால் வெட்டக் கடல் கடந்து ஒரு சமுதாயமே வந்து சேரும் என்றோ தெரிந்திருக்க முடியாது. ஆகவே 1877 என்பது நமக்கு அந்நியமான ஆண்டன்று. நம் பாட்டன் பூட்டன்மாரின் பிழைப்பு வேர்விட்ட ஆண்டு.

அதே ஆண்டில், உலகத்தின் மறுகோடியில், அமெரிக்காவின் லூயிவில் என்னும் நகரத்தில் ஒரு விளையாட்டுக் குழு வெற்றிக் கிண்ணத்தின் வாசல்வரை வந்து தோற்றது. திறமை குறைந்து தோற்கவில்லை, விலைபோய்த் தோற்றது. ஏறக்குறைய 117 ஆண்டுகள் கழித்து, 1994-இல், நம் நாட்டுக் காற்பந்துத் திடல்களிலும் அதே கதை நடந்தது. இந்த இரண்டு பருவங்களையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். நம் பிள்ளைகள் திடலில் ஓடுகிறார்கள். நம் வீட்டுக் கைப்பேசிகளில் பந்தயம் ஓடுகிறது. ஆகையால் இது நம் வீட்டுக் கதையுந்தான்.

முதலில் அந்த அமெரிக்க விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அதன் பெயர் பேஸ்பால். நம் பள்ளிகளில் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸ் ஆட்டத்துக்கு அது நெருங்கிய உறவு. ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை வீசுவார். எதிர்க்குழுவைச் சேர்ந்தவர் உருண்டைக் கட்டையால் அடிப்பார். அடித்தவர் வரிசையாக மூன்று தளங்களை மிதித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். அந்தக் காலத்தில் பந்தைத் தோளுக்கு மேலே கையோங்கி வீசக்கூடாது; இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும்.

தொடக்கத்தில் அது பொழுதுபோக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. 1869-இல் சின்சினாட்டி நகரத்துக் குழுவொன்று தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் பேசி ஊர் ஊராக அனுப்பியது. அன்று முதல் அது ஒரு தொழிலாயிற்று. 1876-இல் வில்லியம் ஹல்பர்ட் என்னும் சிக்காகோ வணிகர் முன்னின்று தேசிய லீக் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். சூதாட்டத்தை ஒழிப்போம், குடியை ஒழிப்போம், ஒப்பந்தத்தைக் காப்போம் என்பவை அந்த அமைப்பு சொன்ன கொள்கைகள். ஏனென்றால் அக்காலத்துத் திடல்களில் பந்தயக்காரர்கள் பகிரங்கமாகவே பணம் கட்டி வந்தார்கள். தந்தி வந்துவிட்டதால், ஓர் ஊரில் நடக்கும் ஆட்டத்தின்மேல் நூறு மைல் தள்ளியிருக்கும் ஊரிலும் பணம் கட்ட முடிந்தது.

1877-இல் அந்த லீக்கில் ஆறு குழுக்கள் மட்டுமே இருந்தன. அவற்றுள் லூயிவில் குழுவும் ஒன்று. அதன் பந்து வீச்சாளர் ஜிம் டெவ்லின். இன்று ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு வீச்சாளர்கள் மாறி மாறி வீசுகிறார்கள். டெவ்லினோ அந்தப் பருவத்தில் தம் குழு ஆடிய 61 லீக் ஆட்டங்களிலும், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை, ஒருவராகவே வீசினார். பெருமழை நாளைத் தவிர ஒரு நாளும் ஓயாமல் நிரையில் நின்று மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்கு அந்த உழைப்பு எத்தகையது என்பது விளங்கும். அவரோடு ஜார்ஜ் ஹால் என்னும் சிறந்த அடிகாரரும் இருந்தார். முந்தைய ஆண்டில் லீக்கிலேயே மிக அதிகமாக, ஐந்து முறை, ஒரே அடியில் தளங்கள் அனைத்தையும் சுற்றி வந்தவர் அவர்.

ஆகஸ்டு மாதத்தில் லூயிவில் குழு பட்டியலின் உச்சியில் இருந்தது. இனிக் கிண்ணம் நமதே என்று ஊரார் எண்ணினார்கள். இந்நிலையில் மூன்றாம் தளத்துக் காவலர் உடம்பில் கட்டி வந்து அவதிப்பட்டார். அவருக்குப் பதிலாக ஆல் நிக்கல்ஸ் என்பவரை அழைத்துக்கொள்ளலாம் என்று ஹால் யோசனை சொன்னார். நிக்கல்ஸ் வந்தார். குழு கிழக்கு நகரங்களுக்குப் பயணம் போயிற்று. போன இடமெல்லாம் தோல்வி. கைக்கு வந்த பந்து நழுவியது. எளிய வீச்சுகள் திசை மாறின. அடிக்க வேண்டியவர்கள் அடிக்கவில்லை. பருவம் முடிந்தபோது பாஸ்டன் குழு 42 வெற்றிகளோடு முதலிடம் பெற்றது. லூயிவில் 35 வெற்றிகளோடு பின்தங்கியது.

தோல்வி யாருக்கும் வரும். ஆனால் குழுவின் துணைத் தலைவராக இருந்த சார்ல்ஸ் சேஸ் என்பவருக்குப் பெயரில்லாத தந்திகள் வந்தன. உங்கள் குழு தோற்கும் என்று இங்கே பணம் கட்டுகிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்பது அவற்றின் சாரம். தோற்றுவந்த ஆட்டக்காரர்கள் சிலர் புதிய வைர ஊசிகள் அணிந்திருப்பதாகவும் பேச்சு எழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிவந்த ஜான் ஹால்டிமன் என்ற இளைஞர் இதைத் துருவினார். சம்பளத்தில் இருப்பவனுக்கு வைரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கென்டக்கியில் எழுந்தாலும் கம்பாரில் எழுந்தாலும் ஒரே கேள்விதான்.

சேஸ் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். முதலில் டெவ்லின் உண்மையைச் சொன்னார். பிறகு ஹாலும் சொன்னார். உங்கள் தந்திகளைப் பார்க்க அனுமதி கொடுங்கள் என்று ஆட்டக்காரர்களிடம் கேட்டபோது, அணித் தலைவர் பில் கிரேவர் மட்டும் மறுத்துவிட்டார். நிக்கல்ஸின் தந்திகளில் ‘சாஷ்’ என்ற ஒரு சொல் அடிக்கடி வந்திருந்தது. அந்தச் சொல் வந்தால் அன்றைய ஆட்டம் விற்கப்பட்டுவிட்டது என்பது பந்தயக்காரர்களுக்கான அடையாளம். அக்டோபர் மாத இறுதியில் நால்வரும் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். டிசம்பரில் தேசிய லீக் அவர்களை வாழ்நாள் முழுவதும் விலக்கி வைத்தது. கிரேவர் பணம் வாங்கியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அவருக்கும் அதே தண்டனைதான். அடுத்த பருவம் தொடங்குமுன் லூயிவில் குழுவே கலைந்துபோயிற்று.

நேயர்களே, இதோடு நிறுத்திவிட்டால் கதை பாதிதான். நால்வர் கெட்டவர்கள், தண்டிக்கப்பட்டார்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் அவர்களுடைய கூலி விவரத்தையும் பார்க்க வேண்டும். அந்த 1877-ஆம் பருவத்தில், ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் சீருடைக்காக 30 டாலர் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. வெளியூர்ப் பயணத்தின்போது உணவு, தங்குமிடச் செலவுக்காக நாளொன்றுக்கு 50 காசு சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. லூயிவில் குழுவினருக்குச் சம்பளமே ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. தமக்குச் சேர வேண்டிய பாக்கியைப் பற்றி டெவ்லின் முறையிட்டு வந்தார். கங்காணிக் காலத்தில், கப்பல் செலவு, அரிசி, முன்பணம் என்று பிடித்தது போக மீந்ததை வாங்கிக்கொண்டு வந்த நம் முன்னோர் கதை நினைவுக்கு வருகிறதல்லவா?

கூலி பாக்கி நிற்கும் வீட்டு வாசலில்தான் பந்தயக்காரன் முதலில் வந்து நிற்பான். அதனால் செய்தது சரியாகிவிடுமா என்றால், ஆகாது. டெவ்லினோடு அதே பாக்கியைச் சுமந்த மற்றவர்கள் ஆட்டத்தை விற்கவில்லையே! ஆனால் ஆட்டத்தை விற்றவனைத் தண்டித்த கை, கூலியைக் கொடுக்காத கையை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

டெவ்லினின் பிற்கால வாழ்க்கை இரக்கத்துக்குரியது. தம்மை மன்னிக்கும்படி அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். ஒருமுறை சிக்காகோவில் ஹல்பர்ட்டின் அலுவலகத்துக்கே போய், நைந்த ஆடையோடு முழந்தாளிட்டு, தமக்காக இல்லாவிட்டாலும் தம் மனைவி மக்களுக்காக இரங்குமாறு மன்றாடினார். அதை அங்கிருந்து பார்த்த ஸ்பால்டிங் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். ஹல்பர்ட் கலங்கிப்போய், 50 டாலர் தாள் ஒன்றை எடுத்து டெவ்லின் கையில் வைத்தாராம். இது உம்மேல் உள்ள அன்புக்காக; ஆனால் ஆட்டத்துக்குத் துரோகம் செய்தவரைத் திரும்பச் சேர்க்க என்னால் ஆகாது என்ற கருத்தில் பேசி அனுப்பிவிட்டாராம். டெவ்லின் பிலடெல்பியா நகரத்தில் போலீஸ்காரராக வேலை பார்த்தார். காசநோய் கண்டு, 1883-இல், 34-ஆம் வயதில் மறைந்தார். தடை கடைசிவரை நீங்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

நம் நாட்டுக் காற்பந்தில் மிகப் பழைய பெரும் கிண்ணம் மலாயாக் கிண்ணம். எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள், இங்கே தமக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக 1921-இல் கொடுத்தது. அந்தக் கப்பலுக்கான பணத்தையே பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்கள்தாம் கொடுத்திருந்தன. ஈயமும் ரப்பரும் ஈட்டிய பணம் அது. 1967 முதல் அதற்கு மலேசியக் கிண்ணம் என்று பெயர். பேராக் அதை 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 ஆகிய ஆண்டுகளில் வென்றிருக்கிறது. நம் சமுதாயத்திலிருந்தும் அந்தக் கிண்ணத்துக்காக ஆடியவர்கள் பலர். நாட்டின் கோலைக் காத்த ஆர். ஆறுமுகத்தையும், ஆடிப் புகழ்பெற்றுப் பின்னர்ப் பயிற்றுநராகி 2010-இல் நாட்டுக்கு ஆசியான் வெற்றியாளர் பட்டம் பெற்றுத் தந்த கே. ராஜகோபாலையும் அறியாதவர் யார்?

நெடுங்காலம் நம் ஆட்டக்காரர்கள் பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடியவர்கள். 1989-இல் பாதித் தொழில்முறை லீக் வந்தது. 1994-இல் முழுத் தொழில்முறை லீக் தொடங்கியது. அப்போது நாம் பள்ளி மாணவர். சனிக்கிழமை இரவுகளில் லயத்து வாசலில் வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கோல் விழுந்தால் அடுத்த லயத்துக்கும் கேட்கும்படி கூச்சல் எழும். அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் பகாங்கை 4–0 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுபோயிற்று. லீக் பட்டமும் அதற்கே.

ஆனால் அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குப் பந்தய முகவர்கள் பணம் கொடுத்து ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள் என்ற புகாரைப் போலீசாரும் ஊழல் தடுப்பு அதிகாரிகளும் விசாரித்தார்கள். 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள். 58 பேர் தடை செய்யப்பட்டார்கள். சிலர் சொந்த ஊரைவிட்டுத் தொலைவான மாவட்டங்களில் வசிக்கும்படி ஆணையிடப்பட்டது. சிங்கப்பூர் நம் லீக்கிலிருந்து விலகி, 1996-இல் தனக்கென்று ஒரு லீக்கைத் தொடங்கியது. முழுத் தொழில்முறை தொடங்கிய முதல் பருவமே மானத்தை இழந்த பருவமாயிற்று.

விற்கப்பட்ட ஆட்டத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் கேலோங். பங்கோர்ப் பக்கம் போனவர்களுக்குக் கேலோங் தெரியும். கடலில் கம்புகளை நட்டு வேலிபோல் நீளமாகக் கட்டியிருப்பார்கள். நீந்தி வரும் மீன் அந்த வேலியோரமாகவே போகும். வழி இருப்பதுபோலத்தான் தோன்றும். போகப்போக வழி குறுகும். கடைசியில் வலை. உள்ளே போன மீனுக்குத் திரும்பும் வழி தெரியாது. இதைவிடப் பொருத்தமான பெயர் ஒன்றைப் புலவர்களாலும் வைத்திருக்க முடியாது. முதலில் ஒரு தேநீர், பிறகு ஒரு ஜோடிக் காலணி, பிறகு சிறு கடன், பிறகு ஓர் ஆட்டம். ஓர் ஆட்டத்தை விற்றவனால் அடுத்த ஆட்டத்தை விற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. வாங்கியவன் கையில் அவன் குடுமி இருக்கிறது.

இதையெல்லாம் ஏட்டில் படித்துச் சொல்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தோட்டத்திலேயே நடந்ததைச் சொல்லுகிறோம்.

நாம் தோட்டப் பள்ளிக்கு வந்த சில ஆண்டுகளில், தீபாவளியையொட்டி அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கிடையே ஒரு காற்பந்துப் போட்டி நடந்தது. போட்டிக் குழுவின் செயலாளர் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. நம் தோட்டத்துக் கோல்காவலர் பால்வெட்டும் இளைஞர். கையுறையும் காலணியும் வாங்கிக்கொள்ளுங்கள், பற்றுச்சீட்டைக் கொடுத்தால் குழு பணம் கொடுத்துவிடும் என்று நாம்தான் அவரிடம் சொன்னோம். அவர் 80 வெள்ளி கடன் வாங்கி வாங்கினார். பற்றுச்சீட்டும் கொடுத்தார். அந்த வாரம் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கிண்ணத்துக்கும் பணம் போய்விட்டது. அப்புறம் பார்க்கலாம் தம்பி என்று சொல்லிவிட்டோம். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில்.

இறுதி ஆட்டத்தில் நம் தோட்டம் இரண்டு கோல் வாங்கித் தோற்றது. இரண்டும் பள்ளிப் பிள்ளைகூடப் பிடித்திருக்கக்கூடிய பந்துகள். வெயில் கண்ணில் அடித்தது என்றார்கள். சில நாள் கழித்து, மாலையில் பள்ளியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

“சார், அந்தக் காலணிப் பணம் இனிமே வேணாம் சார். கடனை அடைச்சிட்டேன்” என்றார்.

“எப்படி அடைத்தாய்?” என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. திடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சநேரம் கழித்து, “நூறு வெள்ளிதான் சார்” என்றார். அவ்வளவுதான். நமக்கும் அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை. பந்தயம் கட்டிய ஆள் யார் என்பதும் தெரியவில்லை.

இதை நாம் குழுவில் சொல்லவில்லை. ஆண்டுக்கூட்டத்தில் செயலாளர் நன்றாகப் பணியாற்றினார் என்று நமக்கு ஒரு மாலை போட்டார்கள். அந்த இளைஞர் அதற்குப் பிறகு பந்தைத் தொடவேயில்லை. இப்போது நகரத்தில் லோரி ஓட்டுகிறார். அவர் மகன் ஆடும் நாளில் வருவார். ஆனால் திடலுக்குள் வரமாட்டார், வேலிக்கு வெளியே நிற்பார். எண்பது வெள்ளியை நாம் உரிய நாளில் கொடுத்திருந்தால் அந்த நூறு வெள்ளியை அவர் மறுத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கொடுக்க வேண்டியது நம் கடமை. கொடுக்காதது நம் குற்றம். அவர் குற்றத்துக்கு அவர் தண்டனை அனுபவித்தார். நம் குற்றத்துக்கு நமக்கு மாலை கிடைத்தது. இதை இன்று சொல்லாமல் இருந்தால் டெவ்லினைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி?

நேயர்களே, இன்று ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன; வேறு சில வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் அடுக்கு வீடுகளில் குடியிருக்கிறார்கள். அன்று பந்தயக்காரனைத் தேடி ஒட்டுக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அவன் கைப்பேசிக்குள்ளேயே குடியிருக்கிறான். நள்ளிரவில், ஐரோப்பாவில் எங்கோ நடக்கும் ஆட்டத்துக்கு, பிரட்டுக்குப் போக வேண்டிய தகப்பன் பணம் கட்டுகிறார். நம் நாட்டில் காற்பந்தின்மேல் இப்படிப் பந்தயம் கட்டுவது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, தோற்ற பணத்தைப் பிடிக்க மறுபடி கட்டுவதும், வட்டி முதலையிடம் கடன் வாங்குவதும், அடையாள அட்டையை அடகு வைப்பதும் நாம் கண்ணால் காண்பவை. சமையற்கட்டில் டின்னுக்குள் வைத்த பள்ளிக் கட்டணம் காணாமல் போவதை முதலில் அறிபவர் தாய்தான்.

கூலி பாக்கியின் கேடும் இன்னும் ஒழியவில்லை. எட்டு முறை மலேசியக் கிண்ணம் வென்ற பேராக்கின் குழு, பண நெருக்கடியால் 2025-இல் நாட்டின் முதல்நிலை லீக்கிலிருந்தே விலகியது. 1965 முதல் ஈப்போவில் நிற்கும் பேராக் அரங்கத்தின் ஆரவாரத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு துக்கச் செய்தி.

ஆகவே மூன்று சொற்களை உங்கள் முன் வைக்கிறோம்.

திடலில் ஆடும் தம்பிமார்களே, தங்கைமார்களே! காரணமில்லாமல் ஒருவர் உங்களுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தால், அன்றே வீட்டில் சொல்லுங்கள், பயிற்றுநரிடம் சொல்லுங்கள். கேலோங்கின் வாய் அகலமாகத்தான் இருக்கும். வெளியேற வேண்டுமென்றால் அங்கேதான் வெளியேற வேண்டும்.

போட்டி நடத்தும் பெரியவர்களே! பந்தலுக்கு முன் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தைக் கொடுங்கள். மாலைக்கு முன் காலணிப் பணத்தைக் கொடுங்கள். வரவு செலவைக் கோயில் பலகையில் எழுதி ஒட்டுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன், பிள்ளைகளிடம் நேர்மையைக் கேட்க முடியாது.

பெற்றோர்களே! பிள்ளை தோற்று வந்தால் ஏசாதீர்கள். நேர்மையாக ஆடித் தோற்றவன் அடுத்த வாரம் ஜெயிக்கலாம். தவறு செய்து வந்தாலும் கதவைச் சாத்தாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழி செய்யுங்கள், மறுபடி பந்தைக் கையில் கொடுங்கள். ஹல்பர்ட்டால் அது முடியவில்லை. நம்மாலும் அன்று முடியவில்லை. உங்களால் முடியும்.

கோலகங்சாரில் அந்த மரம் இன்னும் நிற்கிறது. அது நடப்பட்ட ஆண்டில் விற்கப்பட்ட ஆட்டங்களின் பெயரால் நான்கு மனிதர்கள் இன்றளவும் நினைக்கப்படுகிறார்கள். அவர்கள் வென்ற ஆட்டங்கள் யாருக்கும் நினைவில்லை. நம் பிள்ளைகளின் பெயர் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்காக நினைக்கப்பட வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறோம்.